நூற்றுக்கு மூன்று எடுத்தால் முதல் பரிசு

நூற்றுக்கு மூன்று மதிப்பெண் எடுத்தவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடும் போட்டி ஒன்று இங்கிலாந்தில் நடக்கிறது. இரண்டரை எடுத்தவர் கெட்டிக்காரர். ஒன்று எடுத்தவர்கூடத் தலைகுனிய வேண்டியதில்லை. நெருப்பு அணைந்து பாதி வழியில் நின்றவர்கள்தான் அதற்கும் கீழே.

ஐஎம்லெக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அது, மாதிரி நீராவி ரயில் எஞ்சின்களுக்கான சர்வதேசச் செயல்திறன் போட்டி. 1969இல் தொடங்கியது. 1898 முதல் வெளிவந்த ‘மாடல் இன்ஜினியர்’ இதழைப் படித்து, வீட்டுப் பின்கட்டில் லேத் போட்டு, மாலை நேரங்களில் எஞ்சின் கட்டும் மனிதர்கள்தான் இதன் போட்டியாளர்கள். மாதிரி என்றதும் கண்ணாடி அலமாரிப் பொம்மை நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இங்கே நிஜ நிலக்கரி எரியும். செம்பு பாய்லரில் நிஜ நீராவி நிற்கும். பின்னால் கோத்த வண்டிகளில் வளர்ந்த ஆட்கள் வரிசையாகக் கால் பரப்பி உட்கார்ந்து போவார்கள். ஆட்கள்தான் சரக்கு, ஆட்கள்தான் எடை.

அளவு புரிவதற்கு நம் பக்கத்து எஞ்சின் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் எக்ஸ் வகை எஞ்சினின் எடை சுமார் 48 டன். அது ஓடுவது மீட்டர் கேஜ் பாதை. போட்டியில் வழக்கமான பாதை அகலம் 5 அங்குலம், ஏறத்தாழ மீட்டர் கேஜில் எட்டில் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் எட்டில் ஒன்றாகக் குறைத்தால் எடை 512இல் ஒன்றாகிவிடும். அதாவது சுமார் 94 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வேனில் ஏற்றிவிடலாம். அந்த 94 கிலோ எஞ்சின் பத்துப் பேரை இழுத்துக்கொண்டு ஓடும். பரிசு வேகத்துக்கு இல்லை, அழகுக்கும் இல்லை. தின்ற நிலக்கரிக்கு எவ்வளவு வேலை செய்தது என்பது மட்டுமே கேள்வி.

கேள்வி எளிது. அளப்பதுதான் பாடு.

எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் வண்டிகளுக்கும் நடுவே ஒரு தனி வண்டி கோப்பார்கள். டைனமோமீட்டர் வண்டி என்பது அதன் பெயர். எஞ்சின் எத்தனை நியூட்டன் விசையோடு இழுக்கிறது, அந்த விசையோடு எத்தனை மீட்டர் போனது என்ற இரண்டையும் அது நொடிக்கு நொடி பெருக்கிக் கூட்டிக்கொண்டே வரும். அதுதான் வரவு. செலவுப் பக்கம் நிலக்கரி. எடைபோட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். முடிந்ததும் மிச்சத்தைத் திரும்ப எடைபோடுவார்கள். நல்ல நீராவி நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் சுமார் 33 மெகாஜூல் வெப்பம் தரும். நம் மின்சாரக் கணக்கில் 9 யூனிட்டுக்குச் சற்று மேல்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஓட்டம் அரை மணி நேரம். எஞ்சின் சராசரியாக 150 நியூட்டன் விசையில் 6,400 மீட்டர் இழுக்கிறது. செய்த வேலை 0.96 மெகாஜூல். எரிந்தது 1.2 கிலோ நிலக்கரி, அதாவது 40 மெகாஜூல். வகுத்தால் 2.4 சதவீதம். அரை மணி நேரம் வியர்த்து வழிந்து, பத்துப் பேரைச் சுமந்து, கரி அப்பிய முகத்தோடு இறங்கும் ஓட்டுநர் கையில் கிடைப்பது இவ்வளவுதான்.

மீதி 97 எங்கே போகிறது? இந்தப் போட்டியின் சுவையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதல் இழப்பு பாய்லரில். எரியும் கரியின் வெப்பம் முழுவதும் தண்ணீருக்குப் போவதில்லை. சூடான புகை சிம்னி வழியே ஓடிவிடும். எரியாத கரித்தூளும் அதோடு பறக்கும், அல்லது நெருப்பைத் தாங்கும் கம்பிகளுக்கு இடையில் சாம்பலோடு கீழே விழும். சின்ன எஞ்சினில் 60 சதவீதம் தண்ணீரில் சேர்ந்தால் அது நன்றாகக் கட்டிய பாய்லர்.

இரண்டாவது இழப்பு யாராலும் தடுக்க முடியாதது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 7 பார் அழுத்த நீராவியாக்க சுமார் 2,640 கிலோஜூல் வேண்டும். அந்த நீராவி சிலிண்டரில் விரிந்து, பிஸ்டனைத் தள்ளி, சிம்னி வழியே வெளிக்காற்றில் கலக்கிறது. எந்தக் குறையும் இல்லாத கற்பனை எஞ்சினாக இருந்தாலும் அந்தப் பயணத்தில் கறக்கக்கூடிய வேலை 350 கிலோஜூலுக்குச் சற்று மேல்தான். நூற்றுக்குப் பதின்மூன்று. மற்றதெல்லாம் தண்ணீரை ஆவியாக்கச் செலவழித்த மறைவெப்பம். வெளியேறும் நீராவியோடு அது அப்படியே போய்விடும். குக்குக் கூ என்று ரயில் விடும் வெள்ளைப் புகையைப் படம் எடுக்கிறோமே, நிலக்கரிக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி அங்கேதான் மிதந்து போகிறது.

மூன்றாவது இழப்பு சிலிண்டரின் சுவரில். நான்காவது உராய்வில். 60 சதவீதத்தில் 13 சதவீதம் என்றால் 7.8. சிலிண்டர் பாதியை விழுங்கினால் 3.9. உராய்வு கால் பங்கு எடுத்துக்கொண்டால் 2.9. ஆக, மூன்று மதிப்பெண் என்பது கேலிக்குரிய எண் இல்லை. இயற்கை போட்ட வேலிக்குள் ஏறத்தாழ ஓரம் வரை போய்த் தொட்டுவிட்டார் என்று பொருள்.

சிலிண்டர் ஏன் பாதியை விழுங்குகிறது? அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் மணிக்கணக்கில் சூடாக இருக்கும், அதே நீரை டம்ளரில் ஊற்றினால் நாலு நிமிடத்தில் ஆறிவிடும், அல்லவா? அதே கதை. எட்டில் ஒன்றாகச் சுருக்கும்போது உள்ளே அடங்கும் கொள்ளளவு 512இல் ஒன்றாகிறது. வெளிப்பரப்போ 64இல் ஒன்றாகத்தான் குறைகிறது. ஒவ்வொரு துளி நீராவிக்கும் முன்னைவிட எட்டு மடங்கு சுவர். உள்ளே வரும் சூடான நீராவி, சற்றுமுன் வெளியேறிய குளிர்ந்த நீராவி ஆறவைத்துவிட்டுப்போன சுவரில் பட்டு, வேலை செய்வதற்கு முன்பே தண்ணீராகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஒரு மாதிரி எஞ்சின்தான். 1763–64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் வாட்டிடம் நியூகோமன் எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்று வந்தது. வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டுவதற்கானது. பழுது நீக்கினார், ஆனாலும் நாலைந்து அசைவுகளோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டது. சுரங்கத்தில் பெரிய எஞ்சின் நாளெல்லாம் ஓடுகிறதே, அதே அச்சில் செய்த குட்டி ஏன் ஓடவில்லை? வாட் அளந்து பார்த்தார். உள்ளே போகும் நீராவியில் பெரும்பகுதி, ஒவ்வொரு முறையும் ஆறிப்போகும் சிலிண்டரைத் திரும்பச் சூடாக்குவதற்கே செலவாகிக்கொண்டிருந்தது. பெரிய எஞ்சினிலும் அந்த நோய் இருந்தது, பெரிய உடம்பில் வெளியே தெரியவில்லை. குட்டியில் தெரிந்துவிட்டது. சிலிண்டரைச் சூடாகவே விட்டுவிட்டு, நீராவியை வேறொரு பாத்திரத்தில் குளிரவைக்கலாம் என்ற யோசனை 1765இல் வந்தது. 1769இல் காப்புரிமை ஆனது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தொழிற்புரட்சி என்று பள்ளியில் படித்தோம். மாதிரி எஞ்சின்களை விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும்.

போட்டிக்குத் திரும்புவோம். ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு எஞ்சின்கள் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓடினாலும் ஒன்று 1.2, மற்றது 2.2 என்று வரலாம். வித்தியாசம் ஓட்டுநரின் கையில்.

அந்தக் கையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நெருப்புப் பெட்டியின் வாய் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. கரி அள்ளும் கரண்டி டீஸ்பூனைவிடச் சற்றுப் பெரியது. கரியைக் கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து நீக்கி வைத்திருப்பார். ஒரேயடியாக நாலு கரண்டி போட்டால் நெருப்பு மூச்சுத் திணறும்; சிம்னியில் கறுப்புப் புகை கிளம்பும்; கறுப்புப் புகை என்றால் எரியாத கரி, எரியாத கரி என்றால் போன மதிப்பெண். மெல்லிய, வெளிர்மஞ்சளாக ஒளிரும் நெருப்பு கம்பிகள் முழுக்கச் சமமாகப் பரவியிருக்க வேண்டும். ஒரு மூலையில் ஓட்டை விழுந்தாலும் குளிர்காற்று அதன் வழியே உள்ளே பாய்ந்து பாய்லரை ஆறவைக்கும். கண் நெருப்பில், காது சிம்னியின் சத்தத்தில், இடது கை பம்பு வால்வில்.

வலது கை ரிவர்சரில். நீராவி எஞ்சினைச் சிக்கனமாக ஓட்டும் சூட்சுமம் அதில்தான். பிஸ்டன் கடைசி வரை போகும்வரை நீராவியைத் திறந்துவிட்டால் இழுவை அதிகம் கிடைக்கும், ஆனால் பாதி அழுத்தம் வீணாக வெளியேறும். பிஸ்டன் கால்வாசி தூரம் போனதும் வாசலை அடைத்துவிட்டு, உள்ளே அகப்பட்ட நீராவி தானே விரிந்து மீதி தூரத்தைத் தள்ளட்டும் என்று விடுவதுதான் சிக்கனம். பெரிய எஞ்சினுக்கு இது வேதவாக்கு. குட்டி எஞ்சினிலோ அதிகமாக அடைத்தால் நீராவி சுவரில் ஆறித் தண்ணீராகிவிடும். எங்கே அடைப்பது என்பதை ஒவ்வொரு எஞ்சினும் தன் ஓட்டுநருக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கும். நீராவியைச் சிலிண்டருக்கு அனுப்புமுன் நெருப்புக் குழாய்களுக்குள்ளேயே இன்னொரு சுற்றுச் சுற்றவைத்து மிகைச்சூடு ஏற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வெற்றி பெறும் எஞ்சின்களில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும்.

சுமையைத் தேர்வு செய்வதும் ஆட்டத்தில் சேர்த்தி. ஆட்களைக் குறைத்துக்கொண்டால் எஞ்சின் சுகமாக ஓடும், ஆனால் பாய்லர் சுவர் வழியே கசியும் வெப்பம் அப்படியே இருக்கும்; வரவு குறைந்து செலவு குறையாத வியாபாரம். ஆட்களை அதிகம் ஏற்றினால் சிம்னியின் இழுப்பு வலுத்து, பாதி எரிந்த கரியைப் பிய்த்துக்கொண்டு போகும், சக்கரம் வழுக்கும். நடுவில் எங்கோ ஒரு புள்ளி. எஞ்சின் தன் சொந்த உடம்பைச் சுமந்து நகர்வதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். கொக்கிக்குப் பின்னால் நடந்த வேலைக்கு மட்டும்தான் கணக்கு.

போட்டி நடத்துபவரின் தலைவலி வேறு ரகம். பாய்லர் ஒரு சேமிப்பு வங்கி. அழுத்தம் 7 பாரில் தொடங்கி 3 பாரில் முடித்தால், நடுவில் உள்ள வெப்பத்தைக் கரி எரிக்காமலே செலவழித்துவிட்டார் என்று பொருள். தண்ணீர்மட்டத்தை ஒரு லிட்டர் இறக்கி முடித்தால், அந்த லிட்டரைக் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக்கும் செலவு மிச்சம். நெருப்புப் பெட்டியில் தொடக்கத்தில் தடிமனான நெருப்பு, முடிவில் தணல் மட்டும் என்றால் அதுவும் கடன் வாங்கியதே. கெட்டிக்கார ஓட்டுநர் கடைசி ஐந்து நிமிடம் ஒரு கரண்டிகூடப் போடமாட்டார். நின்று போகாமல் கோட்டைத் தாண்டினால் போதும். இதை ஏமாற்று என்பதா, சாமர்த்தியம் என்பதா? விதிக்குள் இருந்தால் சாமர்த்தியம் என்பதுதான் என் கட்சி. பாதை வட்டமாக இருப்பது மட்டும் நடுவருக்கு ஒரு நிம்மதி. ஏறிய மேட்டையெல்லாம் இறங்கியும் ஆக வேண்டும் என்பதால் ஏற்ற இறக்கக் கணக்கு தானாகவே நேராகிவிடும்.

தின்றதையும் உழைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஐஎம்லெக்கில் பிறந்ததல்ல. 1829 அக்டோபரில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வே 500 பவுண்டு பரிசு அறிவித்து ரெயின்ஹில்லில் நடத்திய போட்டியில், ஸ்டீவன்சன்களின் ‘ராக்கெட்’ வென்றது எல்லோருக்கும் தெரியும். தன் எடையைப் போல மூன்று மடங்கு இழுக்க வேண்டும், வேகம் மணிக்கு 10 மைலுக்குக் குறையக் கூடாது, எரிபொருளும் அளக்கப்படும் என்று விதிகள் இருந்தன. ஒற்றைப் பெருங்குழாய்க்குப் பதில் 25 செம்புக் குழாய்களைப் பாய்லருக்குள் செலுத்தி நெருப்புக்கும் தண்ணீருக்கும் உறவைப் பெருக்கியதால்தான் ‘ராக்கெட்’ ஜெயித்தது. அன்று கூட்டத்தின் செல்லப்பிள்ளை ‘நாவல்ட்டி’. அது பழுதாகி விலகியது. ‘சான் பரேய்’ எரியாத கோக்கைச் சிம்னி வழியே வாரி இறைத்தது.

ஆனால் என் மனசுக்கு நெருக்கமானது ரெயின்ஹில் அல்ல, அதற்கும் முந்தைய கார்ன்வால். அங்கே செம்பும் தகரமும் தோண்டும் ஆழ்சுரங்கங்கள் உண்டு, நிலக்கரி கிடையாது. கடல் தாண்டி வேல்ஸிலிருந்து வர வேண்டும், விலை கொள்ளை. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைத்தால்தான் பிழைப்பு. கீழே தண்ணீர், மேலே எஞ்சின், எரிபொருளோ காசு பிடுங்கும் சங்கதி: கொங்கு நாட்டுக்காரனுக்கு இதைவிடப் புரியும் கதை இருக்க முடியாது. 1811இல் ஜோயல் லீன் என்பவர் ஒவ்வொரு சுரங்கத்து எஞ்சினும் ஒரு மூட்டை நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி உயர்த்தியது என்று மாதாமாதம் அச்சடித்து வெளியிட ஆரம்பித்தார். மூட்டை என்பது அங்கே 94 பவுண்டு. பேர், ஊர், எண் மூன்றும் வெளிப்படையாக வரும். பக்கத்துச் சுரங்கக்காரனுக்கு 3 கோடி, நமக்கு 2.2 கோடி என்றால் எஞ்சினியர் ஊரில் எப்படி நடமாடுவது? குழாய்களுக்குச் சட்டை போட்டார்கள், வால்வைத் திருத்தினார்கள், அழுத்தத்தை உயர்த்தினார்கள். வாட் காலத்து எஞ்சின்கள் சுமார் 2 கோடி அடி-பவுண்டில் நின்றிருந்தன. 1835இல் ஃபோவி கன்சோல்ஸ் சுரங்கத்து எஞ்சின் ஒன்று ஒருநாள் சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது. இன்றைய கணக்கில் 2 சதவீதத்திலிருந்து 12 சதவீதம். ஒரு மாத இதழ் இல்லாமல் இது இவ்வளவு விரைவில் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

நம் பக்கமும் அப்படி அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பிறகு சென்னை மாகாணத்துத் தொழில்துறையை நடத்திய ஆல்ஃபிரட் சாட்டர்டன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்றம், மாடு பூட்டி இறைக்கும் கவலை, எண்ணெய் எஞ்சின் பம்பு எல்லாவற்றையும் நிறுத்தி அளந்தார். சால், வடம், வால்கயிறு என்று தலைமுறைகளாகக் கண் பழகிய கவலை அவர் நோட்டில் தண்ணீரின் அளவும் உயரமும் நேரமுமாக மாறியது. இயந்திரப் பாசனத்துக்கு அரசைத் தள்ளியது அந்த நோட்டுதான்.

மலை ரயிலுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 1,400 மீட்டர் உயரம். ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் ஏற்றத் தேவையான வேலை 13.7 மெகாஜூல். 400 கிராம் சொச்சம் நல்ல நிலக்கரியில் அது அடங்கிவிடும். எஞ்சின் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 8 கிலோவுக்கு மேல் எரிக்க வேண்டும். இதனால்தான் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் எக்ஸ் எஞ்சினை வடிவமைத்தவர்கள் நீராவியை இரண்டு முறை வேலை வாங்கினார்கள். கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளம் தொடங்கியதும், சக்கரங்களைச் சுழற்றிய உயரழுத்தச் சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி, காற்றுக்குப் போகாமல் இன்னொரு ஜோடிச் சிலிண்டருக்குள் நுழைந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். 12 அடிக்கு ஓரடி ஏறும் பாதையில் அது சும்மா கிடைக்கும் உதவி. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் எஞ்சின்களையும், 2021இல் நிலக்கரியில் ஓடும் புதியதையும் கட்டி அனுப்பியிருக்கிறது. உலகில் முழு அளவு நீராவி எஞ்சினைப் புதிதாகக் கட்டும் அரசுப் பட்டறைகள் இன்று எத்தனை இருக்கும்? நம் ஆட்கள் ஐஎம்லெக் அளவில் ஒன்று கட்டி அனுப்பினால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆனாலும் கோவைப் பக்கம் தொண்டாமுத்தூரில் உட்கார்ந்து யோசிப்பவனுக்கு நீராவி ரயிலைவிட மோட்டார் கொட்டாய்தான் முதலில் கண்ணில் படுகிறது. நரசீபுரம், தேவராயபுரம், ஆலாந்துறை என்று மலையடிவாரம் முழுக்கத் தென்னையும் பாக்கும் வாழையும் சின்ன வெங்காயமும் கிணற்றையும் போரையும் நம்பி நிற்கின்றன. பம்புக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது; 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த கையோடு மோட்டார் செய்யக் கற்றுக்கொண்ட ஊர். பம்புகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் சிட்டார்க் நிலையம் கோவையிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும்போது நட்சத்திரம் ஒட்டியிருக்கும். கிணற்றில் இறங்கிப் பத்து வருடம் ஆன பிறகு அந்த நட்சத்திரத்தில் எத்தனை மிச்சம் என்று யாரும் பார்ப்பதில்லை. காயில் இரண்டு முறை கட்டியாகிவிட்டது, இம்பெல்லர் தேய்ந்துவிட்டது, ஃபுட் வால்வில் பாசி, வழியெல்லாம் எல்போ. பழைய பம்புசெட்டுகளில் மின்சாரத்தில் 20, 30 சதவீதம் மட்டும் தண்ணீராக மேலே வருவது சாதாரணம். காற்றை அமுக்கித் தண்ணீரைத் தூக்கும் கம்ப்ரசர் போர்களில் இன்னும் மோசம். இந்தப் பம்புகளுக்கும் ஐஎம்லெக் போல ஒரு போட்டி வைத்தால் என்ன?

“மோட்டாரு ஓடுதுங்க, தண்ணி வருதுங்க, அப்பறம் என்னத்துக்குங்க கணக்கு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விவசாய மின்சாரம் இலவசம். கார்ன்வால்காரனுக்கு இருந்த வலி நமக்கு இல்லை. மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே 1970, 1972 மின்கட்டணப் போராட்டங்களை நேரில் பார்த்த தலைமுறை விறைத்துக்கொள்ளும், அதிலும் நியாயம் உண்டு. போட்டிக்காக அரை மணி நேரம் மாட்டிக் கழற்றும் மீட்டர் பில் போடும் மீட்டர் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். கணக்கு தெரிவதால் விவசாயிக்கு என்ன லாபம்? மும்முனை மின்சாரம் வரும் நேரம் அளவானது. அதே நேரத்தில் ஒன்றரை மடங்கு தண்ணீர் வந்தால் அது அவர் காட்டுக்குத்தான். காயில் எரிவதும் குறையும்.

போட்டியை நடத்துவது ஐஎம்லெக்கைவிடச் சுலபம். இங்கே நெருப்பும் இல்லை, பாய்லர் சேமிப்பும் இல்லை. முதல் வருடம் திறந்த கிணறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். போரில் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளப்பது சிரமம், நிறுத்திய பிறகு அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும். கிணற்றில் கயிறு கட்டி இறக்கினாலே தெரியும். தண்ணீருக்கு 200 லிட்டர் பேரல், நேரத்துக்குக் கைபேசி, மின்சாரத்துக்கு எலக்ட்ரீஷியன் ஒருவர் பெட்டியில் கோத்துக் கொடுக்கும் மூன்று பேஸ் மீட்டர். வேளாண் பல்கலைக்கழகமும் பிஎஸ்ஜி, சிஐடி பொறியியல் கல்லூரிகளும் கூப்பிடும் தூரத்தில் இருக்கின்றன; கருவியோடு நாலு மாணவர்களை அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள் என்றே நினைக்கிறேன். ஒரே கம்பெனி மோட்டார்களைத் தனிப் பிரிவாக வைத்தால் பராமரிப்பவரின் கை தெரியும். எஞ்சினின் இழுவையைக் கொக்கியில் அளப்பதா சக்கரத்தில் அளப்பதா என்று கேட்பது போல, தண்ணீரைக் குழாய் வாயில் அளப்பதா, சொட்டுநீர்க் குழாயின் கடைசியில் அளப்பதா என்ற சண்டை இங்கும் வரும். வரட்டும். அந்தச் சண்டையில்தான் பாதி விஷயம் வெளியே வரும். முடிவை மட்டும் லீன் செய்தது போல பேர், ஊர், எண்ணோடு விவசாயிகள் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

அதுவரை பொறுக்க முடியாதவர்கள் இந்த வாரமே தங்கள் கிணற்றில் ஆரம்பிக்கலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர், அதாவது சுமார் 330 அடி, தூக்க இயற்கை கேட்பது 0.27 யூனிட். கிணறு 100 அடிதான் என்றால் அதில் மூன்றில் ஒன்று. உங்கள் மோட்டார் எத்தனை யூனிட் எடுக்கிறது என்று அளந்து, கொட்டாய்ச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள்; அடுத்த காயில் கட்டு முடிந்ததும் பக்கத்திலேயே இன்னொரு முறை எழுதுங்கள்.